நான் வெளிச்சம் கூட்டிய முகம்

அந்தப் படத்தில் ஒருவருடைய முகம் தெரியக் கூடாது. தெரிந்தால் அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். படம் எடுத்தவருக்கு அது தெரியும். முகத்துக்குச் சொந்தக்காரருக்கும் தெரியும். படத்தைத் திரையிடத் தயார் செய்த எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

நான் உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். மின்னணுச் சில்லுகள் வெளியே போவதற்கு முன் அவற்றில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு. எதையும் பட்டியல் போட்டுச் செய்வது அங்கே பழகியது. சந்தைக்குப் போனாலும் என் கைப்பேசியில் பட்டியல் இருக்கும், விமானம் ஏறினாலும் இருக்கும். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த தோழி இதைச் சொல்லியே கிண்டல் செய்வாள். "உன் கல்யாணத்துக்கும் செக்லிஸ்ட் போட்டு டிக் பண்ணுவே லா நீ," என்பாள்.

அவளுடைய குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக லிட்டில் இந்தியாவில் துணிக்கடை நடத்துகிறது. கடைக்கு மேலே சரக்கு அறை. மூன்று ஆண்டுகளாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அந்த அறையில் நாங்கள் படம் காட்டி வருகிறோம். பெரிய அரங்குகளுக்கு வராத படங்கள். மாணவர்கள் எடுத்தவை, வேலைக்குப் போய்க்கொண்டே விடுமுறை நாள்களில் எடுத்தவை, ஒரே ஒரு விழாவில் ஒரே ஒரு முறை ஓடி மறைந்தவை. அனுமதி வாங்குவது, ஆள் கூட்டுவது, தேநீர் சொல்வது தோழியின் வேலை. புரொஜெக்டர், ஒலி, கோப்புகள் என் வேலை. துணிச் சுருள்களை நான்கு சுவரோடும் அடுக்கிவிடுவோம். அந்த அறையில் எதிரொலியே இருக்காது. நகரத்தில் வாடகைக்கு விடும் பல அறைகளைவிட எங்கள் சரக்கு அறையில் வசனம் தெளிவாகக் கேட்கும். அதில் எனக்குப் பெருமை உண்டு.

எங்களிடம் ஒரு விதி இருந்தது. முதல் திரையிடலில் படம் மூன்று முறை நின்றுபோனது. படம் எடுத்த மாணவி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கே முடிவு செய்தோம்: படம் ஓடத் தொடங்கிவிட்டால் எந்தக் காரணத்துக்கும் நிறுத்துவதில்லை. யாராவது மயங்கி விழுந்தால் விளக்கைப் போடலாம், படத்தை நிறுத்தக் கூடாது என்று தோழி சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதை நாங்கள் மீறியதில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, கைப்பேசியில் எடுத்த படங்களைக் கொண்டு வரச் சொல்லி அறிவிப்பு ஒட்டியிருந்தோம். ஏழு பேர் வந்தார்கள். ஏழாவதாக வந்தவர் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் சாரம் கட்டுகிறவர். புதுக்கோட்டைப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் விரிசல் விட்ட கைப்பேசி. என்னை மேடம் என்றார். வேண்டாம் என்றேன். "சரிங்க மேடம்," என்றார்.

படம் பதினொரு நிமிடம். லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கும் தலைகள், எல்லாம் ஒரே பக்கம் ஆடுகின்றன. விடுதி அறை வாசலில் இருபத்துச் சொச்சம் செருப்புகள். மீன் குழம்பில் புளி அதிகமா குறைவா என்று ஒரு நீண்ட சண்டை. அதற்குப் பிறகு நான்கு நிமிடத்துக்கு ஒரே ஷாட். இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு, மறைப்புக்காகத் தொங்கவிட்ட கைலி, அது பாதி விலகியிருக்கிறது. உள்ளே இருட்டில் ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார். இரும்புத் தகடு இடது கை விரலில் விழுந்ததையும், கம்பெனி சொன்ன மருத்துவரிடம் போனதையும், அறைக் கதவில் நசுங்கியதாகச் சொல்லச் சொன்னதையும், இரண்டு நாள் விடுப்புக்குப் பிறகு மறுபடி தகடு தூக்கியதையும் சொல்கிறார். குரலில் கோபமே இல்லை. "மோதிர விரல்தான் போச்சு. நமக்கென்ன மோதிரமா வாங்கிப் போடப் போறாய்ங்க," என்று அவரே சிரிக்கிறார். ஆள் இருப்பது தெரிகிறது. முகம் தெரியவில்லை.

படம் முடிந்ததும் தோழி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு வருடம் இதற்காகத்தான் சுருள்களைத் தூக்கி அடுக்கினோம் என்று தோன்றியது. விழாக்களில் நான் பார்த்த பல படங்கள் நான்கு நிமிடம் அசையாமல் ஒரு மனிதனைப் பார்க்கப் பயப்படும். இவர் பயப்படவில்லை.

"யாருண்ணே உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லிக் குடுக்குறது? கை வலிச்சுது, போனை டப்பா மேல வச்சுட்டேன்."

அடுத்த மாதத் திரையிடலில் அதுதான் முக்கியப் படம் என்று முடிவானது. கோப்பை எனக்கு அனுப்பினார். அதை வைத்து நான் என் பட்டியலைத் தொடங்கினேன். ஒலி அளவு, வசனங்களுக்கு ஆங்கில எழுத்துகள், அவற்றின் அளவு, சட்டக விகிதம், தொடக்கத்தில் இரண்டு வினாடி கறுப்பு. பதினொரு வரிகள். ஒன்பதாவது வரி: 'கட்டில் ஷாட், வெளிச்சம் போதவில்லை, சரிசெய்ய வேண்டும்.'

எங்கள் புரொஜெக்டர் பழையது. இருட்டான காட்சிகள் அதில் சாம்பல் சேறு போலத் தெரியும். நான்கு நிமிடம் சேற்றைப் பார்த்தால் முன்வரிசை கைப்பேசியை எடுத்துவிடும். ஆகவே மூன்று மாலைகள் அந்த ஷாட்டோடு உட்கார்ந்தேன். நிழல்களை மட்டும் மெல்ல உயர்த்தினேன். உயர்த்தும்போது கிளம்பிய புள்ளிகளைத் தணித்தேன். தோல் நிறம் பச்சையாகப் போனது, திருத்தினேன். மூன்றாவது மாலை, கைலிக்குப் பின்னால் ஒரு நெற்றி வந்தது, பிறகு மூக்கு, சரியாக மழிக்காத தாடை, சிரிக்கும்போது தெரியும் உடைந்த பல். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். நல்ல முகம். இவ்வளவு நல்ல முகத்தைக் கைப்பேசி விழுங்கிவிட்டதே என்று நினைத்தேன்.

அவர் சொன்னதை எல்லாம் நான் கேட்டிருந்தேன். ஆங்கில எழுத்துகள் போடுவதற்காக வரி வரியாகக் கேட்டிருந்தேன். கதவில் நசுங்கியதாகச் சொல்லச் சொன்ன கம்பெனியில்தான் அவர் இன்னும் வேலை செய்கிறார் என்பது அந்த வரிகளிலேயே இருந்தது. அந்த மனிதர் எதற்காக விளக்கில்லாத இடத்தில் உட்கார்ந்து இதைச் சொல்கிறார் என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை. அதே படத்தில் மீன் குழம்புக்குச் சண்டை போடுகிறவர்களின் முகங்கள் நல்ல வெளிச்சத்தில் இருக்கின்றன. அதையும் பார்த்தேன். இங்கே விளக்கு பழுது என்று முடிவு செய்தேன்.

திருத்திய படத்தைச் சாரம் கட்டுகிறவருக்கு அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒப்புதல் இல்லாமல் எதையும் காட்டுவதில்லை. அதுவும் பட்டியலில் உண்டு. வேலைக்குப் போகும் லாரியில், வெயில் நேராக அடிக்கும் திரையில், மின்கலம் தீரக் கூடாதென்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்த அந்த விரிசல் கைப்பேசியில் அவர் பார்த்தார். அதில் கட்டில் ஷாட் முன்பு போலவே கறுப்பாகத்தான் இருந்திருக்கிறது. கட்டைவிரல் படம் ஒன்றும் 'சூப்பர் மேடம்' என்பதும் வந்தன. பதினொன்றாவது வரிக்கு நேரே டிக் போட்டேன்.

திரையிடும் வாரத்தில் தோழியின் உறவினர் ஒருவர் தன் அலுவலகத்தின் புதிய புரொஜெக்டரை இரவல் கொடுத்தார். பழையதைவிட மூன்று மடங்கு வெளிச்சம். கடையிலிருந்து கறுப்புத் துணி எடுத்து வந்து ஜன்னல்களை இடுக்கு விடாமல் மூடினேன்.

அறையில் அறுபது பேருக்கு மேல். பாதிப்பேர் எப்போதும் வரும் ஆசிரியர்கள், மாணவர்கள். மீதிப்பேர் அவருடைய விடுதியிலிருந்து வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில், முன்வரிசையில். கட்டிலில் உட்கார்ந்து பேசியவர் வரவில்லை. அன்று அவருக்குக் கூடுதல் வேலை. லாரியில் ஆடும் தலைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். செருப்புகளில் தங்கள் செருப்பைத் தேடினார்கள். மீன் குழம்புச் சண்டையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து மறுபடி சண்டை போட்டார்கள். பின்னால் மடிக்கணினிக்கு அருகில் நின்றிருந்த நான் ஒலியை ஒரு புள்ளி கூட்டினேன்.

கட்டில் ஷாட் வந்தது. 

"டேய், நம்ம மாப்ளடா!"

"எலேய், ஆமாய்யா. ஹீரோ மாரி இருக்கான்."

"பல்லைப் பாரு, பல்லைப் பாரு."

விசில். கைதட்டல். முன்வரிசையில் நான்கைந்து கைப்பேசிகள் உயர்ந்தன. சாரம் கட்டுகிறவர் இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்து, ஸ்டூல்களை இடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். பாராட்ட வருகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், மூஞ்சி தெரியுது."

"ஆமாண்ணே. நான்தான் சரி பண்ணேன்."

இதை நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"நிறுத்துங்க மேடம். அவன் பெர்மிட்டு அடுத்த மாசம் ரினீவல். நிறுத்துங்க."

என் விரல் விசைக்கு மேலேதான் இருந்தது. புரிந்துவிட்டது, முழுவதும் புரிந்துவிட்டது. ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது, "ரெண்டே நிமிஷம்ண்ணே, இந்த ஷாட் முடிஞ்சிடும்." படத்தை நிறுத்துவதில்லை என்ற விதி என் விரலைப் பிடித்துக்கொண்டது என்று பிறகு தோழியிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மூன்று மாலை உழைத்த ஷாட் அது. அறை முழுக்க அதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

அவர் காத்திருக்கவில்லை. புரொஜெக்டரின் கண்ணுக்கு முன்னால் தன் உள்ளங்கையை வைத்தார். திரையில் ஐந்து விரல்களின் நிழல் விழுந்து முகத்தை மூடியது.

"யோவ், கையை எடுய்யா," என்று கத்தினார்கள். "படம் தெரியலை."

அவர் எடுக்கவில்லை. விரல் போன கதையை அந்தக் குரல் சொல்லி முடிக்கும்வரை, இருட்டுக்குள், கையை நீட்டியபடி நின்றார். அப்போதுதான் நான் விளக்கைப் போட்டேன்.

தோழி வரிசை வரிசையாகப் போனாள். "அண்ணே, ப்ளீஸ்ண்ணே, எடுத்ததை டிலீட் பண்ணிடுங்க. அவருக்குப் பிரச்சினை ஆயிடும்." எல்லாரும் உடனே அழித்தார்கள். ஒருவர் தன் கைப்பேசியை அவளிடமே கொடுத்து, நீங்களே பாருங்க சிஸ்டர் என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கைதட்டல் அடங்குவதற்கு முன்பே, எடுத்ததில் ஒரு துண்டு அறைக்காரர்களின் கைப்பேசிக் குழுவுக்குப் போயிருந்தது, 'நம்ம மாப்ள சினிமால' என்று. வர முடியாதவர்களும் பார்க்கட்டும் என்ற பாசத்தில் அனுப்பியது. அங்கிருந்து பக்கத்து அறைக் குழு. அங்கிருந்து ஊர்க்காரர்கள் குழு. எந்தக் குழுவில் மேற்பார்வையாளர் இருந்தார் என்று கடைசிவரை தெரியவில்லை.

வியாழக்கிழமை, கட்டிலில் உட்கார்ந்து பேசியவரை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலை குறைவாக இருக்கிறது, உன் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை என்றார்கள். பதினொரு வருடம் இங்கே இருந்தவர்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு தவறு வெளியே போய்விட்டால் மூல காரணப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். ஏன் நடந்தது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போக வேண்டும். அந்த வாரம் வீட்டில் நான் அதை நிரப்பிப் பார்த்தேன். கைப்பேசித் திரையில் வாங்கிய ஒப்புதல். இரவல் புரொஜெக்டர். கறுப்புத் துணி. யாரோ அனுப்பிய துண்டு. ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் தப்பித்தேன். ஐந்தாவது ஏனுக்கு நேரே நான் எழுதியது: 'இருட்டு என்றால் குறை என்று நினைத்தேன்.' அதற்கப்புறம் படிவத்தில் இடமில்லை.

அவர் ஊருக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு, லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரை முதல்முறையாக நேரில் பார்த்தேன். சாரம் கட்டுகிறவர்தான் வரச் சொல்லியிருந்தார். முகத்தை எனக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. தாடை, பல், எல்லாம் மனப்பாடம். மூன்று மாலைகள் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்த முகம் என்னைப் பார்த்து, "வாங்க மேடம், உக்காருங்க. பரோட்டா சொல்லட்டுமா?" என்றது.

மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன், ஆனால் பாதியில் வரிசை தவறிவிட்டது.

"விடுங்க மேடம். நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க," என்றார் அவர்.

சாரம் கட்டுகிறவர் தட்டைப் பார்த்தபடி, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மேடம்," என்றார். அதற்கு முன்னும் சொல்லவில்லை, பின்னும் சொல்லவில்லை. அந்த ஒரு தடவைதான்.

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். வேலையில் காயம்பட்டவர்கள் எங்கே முறையிடலாம், யார் உதவுவார்கள், என்னென்ன ஆவணம் வேண்டும், எந்த வரிசையில் போக வேண்டும். ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் எழுதியிருந்தேன். அவர் நிதானமாகப் படித்தார். செயலற்றுச் சுருங்கிப்போன மோதிர விரல் தாளைத் தொடாமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு இங்கேயே இருக்கணுமா மேடம்?"

"ஆமாண்ணே. விசாரணை முடியறவரைக்கும்."

"எத்தனை மாசம்?"

"சொல்ல முடியாதுண்ணே."

"வேலை?"

"அந்தக் கம்பெனில கிடைக்காது."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வைத்த விதத்திலேயே, அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்தது. பிறகு, "மேடம், எனக்கு ஒண்ணு வேணும். மூஞ்சி தெரியுற காப்பி இருக்குல்ல, அதைக் குடுங்க," என்றார்.

"எதுக்குண்ணே?" என்றேன்.

"இனி மறைச்சு என்ன ஆவப்போவுது? போனது போச்சு. ஊர்ல பெரிய டிவி இருக்கு. சும்மா திரும்பி வந்துட்டான்னு சொல்லுவாய்ங்க. சும்மா வரலை, இந்தா பாருன்னு காட்டலாம்ல." பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே தொடர்ந்தார். "பெரிய விழாவுல போட்டாலும் அதையே போடச் சொல்லுங்க. அதுல நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அதெல்லாம் ஆவாது மாப்ள," என்றார் சாரம் கட்டுகிறவர். "உன் மூஞ்சி தெரிஞ்சா அந்தக் கட்டில் தெரியும், ரூம் தெரியும். நாங்க ஒம்போது பேரு இன்னும் அங்கதான் கெடக்கோம்."

அவர் கடைப் பையனைக் கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

எதிரே இருந்த கடையில் ஒரு பென்டிரைவ் வாங்கி, மடிக்கணினியை அந்த மேசையிலேயே திறந்து படத்தை ஏற்றிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அவர் விமானம் ஏறிவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து நகரத்தில் நடக்கும் விழா ஒன்றில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சாரம் கட்டுகிறவர் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். தொடர்புக்கு என் பெயர் மட்டும் இருந்தது. திரையிடலுக்கு முந்தைய நாள் பிற்பகல் சரிபார்ப்புக்குப் போனேன். மெத்தென்ற நாற்காலிகள், எங்கள் சரக்கு அறைத் திரையைப் போல் ஐந்து மடங்கு பெரிய திரை. அரங்கின் தொழில்நுட்பர், என் வயது மலாய் இளைஞர், கட்டில் ஷாட்டில் படத்தை நிறுத்தி, இது ரொம்ப இருட்டாக இருக்கிறதே, கொஞ்சம் தூக்கிவிடவா, இரண்டு நிமிட வேலைதான் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உதவி செய்யத்தான் கேட்டார். தொட வேண்டாம் என்றேன். நான் சொன்ன விதம் அவருக்கு ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. நான்கு நிமிடமும் யாரும் அசையவில்லை. முடிந்ததும் நீண்ட கைதட்டல். இயக்குநர் வர இயலவில்லை என்று அறிவித்தார்கள். உண்மையில் அவர் அந்த நேரம் ஒரு கப்பலின் வயிற்றுக்குள் சாரம் கட்டிக்கொண்டிருந்தார். தோழி பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை.

ரயிலில் வீட்டுக்குப் போகும்போது ஊரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது.

'மேடம் படம் போட்டாங்களா'

'போட்டாங்கண்ணே. ஹால் ஃபுல். எல்லாரும் கைதட்டுனாங்க.'

'என்னைய பாத்தாங்களா'

செம்பவாங் நிலையம் வந்து போனது. இரண்டு மூன்று விதமாகத் தட்டச்சு செய்து அழித்தேன். கேட்டார்கள், அமைதியாகக் கேட்டார்கள், உங்கள் குரல் அரங்கு முழுக்க இருந்தது என்றெல்லாம் எழுதலாம். எல்லாம் உண்மைதான். அவர் கேட்டது அதுவல்ல.

'இல்லண்ணே. இருட்டாத்தான் போட்டோம்.'

படித்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது. உட்லண்ட்ஸில் இறங்கி, மின்படியில் கீழே வரும்போது பதில் வந்தது. 

'சரிங்க மேடம்'